கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவு: இத்தாலியின் குருதிவழிக் குடியுரிமையும் 2025ஆம் ஆண்டின் முறிவும்

கலாப்ரியாவின் மலைக்கிராமம் ஒன்றில் 1882ஆம் ஆண்டு பிறந்த ஒருவர், 1905இல் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பலேறி நியூயார்க்கில் இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 1910இல் அங்கே அவருக்கு ஒரு மகன் பிறக்கிறான். அந்தக் குடும்பத்தின் நான்காம் தலைமுறையில், நியூஜெர்சியில் வாழும் ஒரு கொள்ளுப்பேத்தி இத்தாலியக் குடிமகளா இல்லையா என்ற கேள்விக்கு, அவருக்கு இத்தாலிய மொழி தெரியுமா என்பதோ, அந்நாட்டில் ஒரு நாளாவது தங்கியிருக்கிறாரா என்பதோ அண்மைக்காலம் வரை பொருட்டாக இருக்கவில்லை. கொள்ளுத்தாத்தா அமெரிக்கக் குடிமகனாக உறுதிமொழி எடுத்த தேதி எது என்பதே பெரிதும் விடையைத் தீர்மானித்தது. 1908இல் எடுத்திருந்தால், மகன் பிறந்தபோது தந்தை இத்தாலியராக இல்லை. வாரிசுச் சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது. 1935இல் எடுத்திருந்தால், அப்போது 25 வயதான மகனின் குடியுரிமையைத் தந்தையின் செயல் தொடவில்லை; சங்கிலி தொடர்ந்தது. கடைசிவரை உறுதிமொழியே எடுக்காமல் இறந்திருந்தால் சிக்கலே இல்லை. 1915இல், மகன் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது எடுத்திருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் நீதிமன்றங்களும் அமைச்சகமும் பல ஆண்டுகளாக முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, குடியுரிமை வழங்கப்படுவதற்கும் அங்கீகரிக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, வரி கட்டி, மொழி கற்று, விண்ணப்பிக்கும் வெளிநாட்டவருக்கு அரசு குடியுரிமை வழங்குகிறது. வழங்க மறுக்கவும் அதற்கு ஓரளவு அதிகாரம் உண்டு. குருதிவழிக் குடியுரிமையோ பிறக்கும்போதே உடன்வருவது என்பது இத்தாலியச் சட்டத்தின் நெடுங்கால நிலைப்பாடு. விண்ணப்பதாரர் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே தமக்கு உள்ளதைப் பதிவேட்டில் ஏற்றும்படி மட்டுமே கேட்கிறார். பூர்வீக நிலத்துக்குப் பட்டா மாறுதல் கேட்பதைப் போன்றது இது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை இடையில் யாரும் அந்த நிலத்தை விற்றுவிடவில்லை என்று காட்டினால் போதும். நிலத்தை உழுதாயா என்று யாரும் கேட்பதில்லை. 2025ஆம் ஆண்டின் கொந்தளிப்பு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே எழுந்தது.

இத்தாலி என்ற ஒருங்கிணைந்த அரசு 1861 மார்ச் 17 அன்றுதான் பிறந்தது. அதற்கு முன் இறந்துபோன மூதாதையர் எவரும் இத்தாலியக் குடிமகனாக இருந்திருக்க முடியாது என்பதால், இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அந்தத் தேதியைத் தாண்டிப் பின்னால் போவதில்லை. 1865ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டத் தொகுப்பு, இத்தாலியத் தந்தைக்குப் பிறந்த பிள்ளை இத்தாலியர் என்றது. பிறகு வெளியேற்றம் தொடங்கியது. 1876க்கும் 1976க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர் நாட்டை விட்டுச் சென்றார்கள். 1913ஆம் ஆண்டில் மட்டும் 8,70,000க்கு மேற்பட்டோர் கிளம்பினார்கள். வெனெட்டோ பகுதியின் உழவர்கள் பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்கும், தென் இத்தாலியக் கூலிகள் நியூயார்க்குக்கும் புவனோஸ் ஐரெஸுக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊர்கள் பிழைத்தன.

இந்தப் பின்னணியில்தான் 1912ஆம் ஆண்டின் 555ஆம் எண் சட்டம் வருகிறது. அமெரிக்கக் கண்டத்தின் நாடுகள் பெரும்பாலும் மண்வழிக் குடியுரிமையைப் பின்பற்றியவை. அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அந்நாட்டுக் குடிமகனாகிவிடும். அப்படியானால் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் அனைவரையும் ஒரே தலைமுறையில் இத்தாலி இழந்துவிடும். அதைத் தடுக்க அச்சட்டத்தின் ஏழாம் பிரிவு, பிறந்த மண்ணின் காரணமாக வேறொரு குடியுரிமை தானாக வந்து ஒட்டிக்கொண்டாலும் அந்தப் பிள்ளை இத்தாலியராகவே நீடிப்பார் என்று விதித்தது. இரட்டைக் குடியுரிமை என்ற பேச்சே ஐரோப்பாவில் அருவருப்புடன் பார்க்கப்பட்ட காலத்தில் இப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்தது உண்மையில் வியப்புக்குரியது. அதே சட்டத்தின் எட்டாம் பிரிவு, தானே விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்று வெளிநாட்டில் குடியமர்ந்தவர் இத்தாலியக் குடியுரிமையை இழப்பார் என்றது. பன்னிரண்டாம் பிரிவோ, தந்தை அதை இழக்கும்போது அவருடன் வாழும் மைனர் பிள்ளைகளும் இழப்பார்கள் என்ற பொருள்பட அமைந்திருந்தது.

ஏழாம் பிரிவும் பன்னிரண்டாம் பிரிவும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் இடம்தான் மேலே சொன்ன ஐந்து வயதுச் சிறுவனின் நிலை. பிறப்பிலேயே அமெரிக்கனாகவும் இத்தாலியனாகவும் இருந்த அவனை ஏழாம் பிரிவு காப்பாற்றுகிறது என்றே தூதரகங்கள் நெடுங்காலம் கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கானோர் அந்த வாசிப்பின்படியே அங்கீகாரம் பெற்றார்கள். உச்ச நீதிமன்றம் 2023இலும் 2024இலும் அளித்த முடிவுகள் பன்னிரண்டாம் பிரிவின் பக்கம் சாய்ந்தன. அவற்றைப் பின்பற்றி உள்துறை அமைச்சகம் 2024 அக்டோபர் 3 அன்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப, பல ஆண்டுகள் ஆவணம் திரட்டிக் காத்திருந்தவர்களின் கோப்புகள் ஒரே நாளில் செல்லாதவை ஆயின. அண்ணனுக்கு அங்கீகாரம் கிடைத்து, அதே ஆவணங்களோடு பின்னால் நின்ற தம்பிக்கு மறுக்கப்படும் நிலையைச் சட்ட விளக்கம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் நியாயம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

பெண்களின் கதை இன்னும் கசப்பானது. 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி, தந்தை யாரென்று தெரியாவிட்டாலோ, அவருக்கு எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாவிட்டாலோ, வெளிநாட்டுத் தந்தையின் குடியுரிமை அவர் நாட்டுச் சட்டப்படி பிள்ளைக்கு இறங்காவிட்டாலோதான் தாய்வழியாகக் குடியுரிமை இறங்கும். வெளிநாட்டவரை மணந்து அவருடைய குடியுரிமையைப் பெறும் பெண் தன்னுடையதை இழந்துவிடுவாள். அரசியலமைப்பு நீதிமன்றம் 1975ஆம் ஆண்டின் 87ஆம் எண் தீர்ப்பில் இந்த இரண்டாவது விதியையும், 1983ஆம் ஆண்டின் 30ஆம் எண் தீர்ப்பில் முதல் விதியையும் செல்லாதவை என்றது. ஆனால் ஆண் பெண் சமத்துவத்தை அறிவித்த குடியரசின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1948 ஜனவரி 1 அன்று. ஆகவே அந்தத் தீர்ப்புகளின் பயன் அந்தத் தேதிக்கு முன்னால் போகாது என்று நிர்வாகம் கோடு கிழித்தது. 1947 டிசம்பரில் ஓர் இத்தாலியத் தாய்க்குப் பிறந்த மகனுக்கு உரிமை இல்லை, இரண்டே மாதம் கழித்துப் பிறந்த மகனுக்கு உண்டு என்பது இதன் விளைவு. 2009இல் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்தக் கோட்டை அழித்தது. இருப்பினும் தூதரகங்கள் பழைய நடைமுறையை மாற்றிக்கொள்ளவில்லை என்பதால், 1948க்கு முந்தைய தாய்வழி உரிமையைக் கோருவோர் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது. வழக்கறிஞர்கள் இன்றும் இவற்றை ‘1948 வழக்குகள்’ என்றே அழைக்கிறார்கள். இவற்றில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1922 செப்டம்பரில் அமெரிக்கச் சட்டம் மாறும்வரை, கணவன் அமெரிக்கனானால் மனைவியும் தானாகவே அமெரிக்கர் ஆகிவிடுவாள். அவளாக விரும்பி எதையும் கைவிடவில்லை என்பதால், தந்தை வழியில் அறுந்த சங்கிலி தாய் வழியில் அறுபடாமல் இருக்கிறது என்று பல வழக்குகள் வாதிட்டு வென்றன. எந்தச் சட்டம் அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவேயில்லையோ, அந்தச் சட்டத்தின் அலட்சியமே நூறாண்டு கழித்து அவளுடைய பேரப்பிள்ளைகளுக்குத் துணையாக வந்தது.

இனி ஆவணங்களுக்கு வருவோம். முதலில் வேண்டுவது மூதாதையரின் பிறப்புப் பதிவு. அது அவர் பிறந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்தில், இத்தாலியர் ‘கொமூனே’ என்று சொல்லும் இடத்தில் இருக்கும். 1866இல்தான் இத்தாலியோடு இணைந்த வெனெட்டோவில் அரசுப் பதிவு 1871இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவருக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுதான் சான்று. பிறகு ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் சான்றிதழ்கள், அவற்றின் மீது அப்போஸ்டில் எனப்படும், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்று முத்திரை, இத்தாலிய மொழிபெயர்ப்பு. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூதாதையர் எப்போது வேற்றுநாட்டுக் குடிமகனானார் அல்லது ஆகவேயில்லை என்பதற்கான சான்று. அர்ஜென்டினாவில் இதைத் தேசியத் தேர்தல் முறையீட்டு மன்றம் வழங்குகிறது. அமெரிக்காவில் 1906 செப்டம்பர் வரை எந்த மாவட்ட நீதிமன்றத்திலும் குடியுரிமை பெற முடிந்ததால், அதற்கு முந்தைய பதிவுகள் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. குடிமகனாகும் எண்ணத்தை அறிவிக்கும் முதல் மனுவில் பலர் கையெழுத்திட்டுவிட்டு, கடைசி உறுதிமொழி எடுக்காமலேயே விட்டிருக்கிறார்கள். சங்கிலியை அறுப்பது அந்தக் கடைசி உறுதிமொழி மட்டுமே.

பெயர்கள் பெருந்தொல்லை. ஜுசெப்பே ஜோசப் ஆகியிருப்பார். ஜொவான்னி பிரேசிலில் ஜுவாவும் அர்ஜென்டினாவில் ஹுவானும் ஆகியிருப்பார். குடியேறிகள் வந்திறங்கிச் சோதிக்கப்பட்ட நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது பல குடும்பங்களில் வழங்கும் கதை. ஆனால் பயணிகள் பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில்தான் எழுதப்பட்டது, தீவில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிறகு, பள்ளியிலும் தொழிற்சாலையிலும் தேவாலயத்திலும், சில வேளைகளில் வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர்களே விரும்பியும். அந்த ஒவ்வோர் எழுத்து மாற்றத்தையும் பின்னாளில் திருத்த ஆணையாலோ நீதிமன்ற உத்தரவாலோ சரிசெய்ய வேண்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவரின் பெயரை யாரோ ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதற்கு, நான்காம் தலைமுறை விலை கொடுக்கிறது.

ட்ரெண்டினோ, ட்ரியெஸ்தே பகுதிகளிலிருந்து போனவர்களுக்கு வேறு சிக்கல். அப்பகுதிகள் முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தன. 1920 ஜூலை 16க்கு முன் புறப்பட்டவர்கள் இத்தாலியர் ஆகவேயில்லை. 2000ஆம் ஆண்டின் ஒரு சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களுக்குத் தந்த தனி வாய்ப்பு 2010 டிசம்பரோடு மூடப்பட்டது.

நீதிமன்றங்கள் இந்த உரிமையை எவ்வளவு உறுதியாகப் பார்த்தன என்பதற்குப் பிரேசில் வழக்கே தக்க சான்று. முடியாட்சி கவிழ்ந்து குடியரசான பிரேசில், 1889 நவம்பர் 15 அன்று தன் மண்ணில் இருந்த வெளிநாட்டவர் அனைவரையும், ஆறு மாதத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் பிரேசிலியர் என்று ஏற்பதாக ஆணையிட்டது. இதை ‘பெரும் குடியுரிமையாக்கம்’ என்பார்கள். காட்டை வெட்டித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த உழவர்கள் எத்தனை பேர் அந்த ஆணையைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? மௌனமாக இருந்ததால் அவர்கள் இத்தாலியக் குடியுரிமையை இழந்துவிட்டார்கள் என்று இத்தாலிய அரசுத் தரப்பு வாதிட்டது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. துறப்பது என்றால் தெரிந்து, விரும்பி, வெளிப்படையாகச் செய்யும் செயலாக இருக்க வேண்டும். வழித்தோன்றல் தன் பிறப்புத் தொடரை மட்டும் நிறுவினால் போதும், இடையில் அறுந்தது என்று சொல்லும் தரப்பே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது.

உரிமை இவ்வளவு வலுவாக இருந்ததே நிர்வாகத்துக்குச் சுமையானது. 1992 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 91ஆம் எண் சட்டம், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றாலும் இத்தாலியக் குடியுரிமை போகாது என்று ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டிலும் வாழவும் வேலை செய்யவும் உதவும் கடவுச்சீட்டாக அது மாறிய பிறகு, தென் அமெரிக்கப் பொருளாதாரம் தள்ளாடும்போதெல்லாம் தூதரகங்களின் முன் வரிசை நீண்டது. சாவோ பாவ்லோவில் ஒரு சந்திப்பு நேரத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்ததால், பலர் காத்திருப்பையே காரணமாகக் காட்டி வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜூன் முதல் இத்தகைய வழக்குகள் ரோமில் அல்லாமல் மூதாதையர் பிறந்த வட்டாரத்தின் நீதிமன்றத்திலேயே நடத்தப்பட வேண்டும் என்று ஆனபின், வெனெட்டோவின் தலைநகரான வெனிஸின் நீதிமன்றம் பிரேசில் குடும்பங்களின் கோப்புகளில் மூழ்கியது. சில நூறு பேர் மட்டுமே வாழும் மலையூர்களில் ஒற்றைப் பதிவு எழுத்தர் நூறாண்டுப் பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்க, உள்ளூர்க்காரரின் பிறப்பும் இறப்பும் பதிவுக்காகக் காத்துக் கிடந்தன. வெளியுறவு அமைச்சகத்தின் கணக்குப்படி, வெளிநாட்டில் வாழும் இத்தாலியக் குடிமக்கள் 2014இல் 46 லட்சமாக இருந்து 2024இல் 64 லட்சமாக உயர்ந்தார்கள். 60,000க்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தன. பழைய சட்டப்படி உரிமை கோரக்கூடியவர்கள் 6 முதல் 8 கோடி இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. இத்தாலியின் மக்கள்தொகையே 6 கோடிக்குச் சற்றுக் குறைவு. 2024 டிசம்பரில் அர்ஜென்டினாவின் அதிபர் ஹவியேர் மிலேய் பாட்டன் பாட்டி வழியில் இத்தாலியக் குடியுரிமை பெற்றபோது, இத்தாலியில் பிறந்து வளரும் குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது அவருக்கு எளிதில் கிடைத்ததே என்று கண்டனக் குரல்கள் எழுந்தன.

2025 மார்ச் 28 அன்று, வெளியுறவு அமைச்சர் அந்தோனியோ தயானி முன்னின்று விளக்கிய அவசரச் சட்டம் ஒன்று வந்தது. அதே ஆண்டு மே 23 அன்று நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு அது 74ஆம் எண் சட்டமானது. வெளிநாட்டில் பிறந்து வேறொரு குடியுரிமையும் உடையவர் ‘இத்தாலியக் குடியுரிமையை ஒருபோதும் பெறாதவராகக் கருதப்படுவார்’ என்பது அதன் மையம். மார்ச் 27 இரவு 11.59 மணிக்குள் விண்ணப்பமோ வழக்கோ பதிந்தவர்களுக்கும், அதற்குள் சந்திப்பு நேரம் உறுதியாகியிருந்தவர்களுக்கும் பழைய விதியே பொருந்தும். மற்றவர்களுக்கு இரண்டே வழிகள். பெற்றோரிலோ பாட்டன் பாட்டியரிலோ ஒருவர் இத்தாலியக் குடியுரிமை மட்டுமே உடையவராக இருக்க வேண்டும், அல்லது இறக்கும்போது அப்படி இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தையோ தாயோ இத்தாலியக் குடியுரிமை பெற்ற பின், பிள்ளை பிறப்பதற்கு முன், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இத்தாலியில் வசித்திருக்க வேண்டும்.

இதில் ‘மட்டுமே’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அவசரச் சட்டத்தின் முதல் வடிவம் தந்தையோ தாயோ பாட்டனோ பாட்டியோ இத்தாலியில் பிறந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்டது; நாடாளுமன்றம் அதை எடுத்துவிட்டு இந்தச் சொல்லை வைத்தது. இதன் விளைவாக, சிசிலியில் பிறந்து, நாற்பது வயதில் புலம்பெயர்ந்து, ஐம்பது வயதில் அமெரிக்கராகி, சாகும்வரை ஊர்ப்பேச்சும் ஊர்ச்சமையலும் மாறாமல் வாழ்ந்த பாட்டியின் பேரனுக்கு உரிமை இல்லை. புவனோஸ் ஐரெஸில் வாழ்ந்து, சோம்பலாலோ செலவுக்கு அஞ்சியோ உள்ளூர்க் குடியுரிமை வாங்காமல் விட்ட பாட்டனின் பேரனுக்கு உண்டு. உயிருள்ள பிணைப்பு வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது; நான்கு தலைமுறைகளுக்கு முன் போனவரின் பெயரைத் தவிர வேறெந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், அந்த நாட்டின் சட்டமியற்றும் அவைக்கு வாக்களிக்கும் உரிமை பெறுவது கேள்விக்குரியதே. வெளிநாட்டு இத்தாலியர்களுக்கென எட்டு மக்களவை இடங்களும் நான்கு மேலவை இடங்களும் இன்று இருக்கின்றன. ஆனால் பிணைப்பை அளக்கும் கோலாக இச்சட்டம் மறுபடியும் ஒரு காகிதத்தையே எடுத்தது. மொழியையோ வாழ்க்கையையோ எடுக்கவில்லை.

கால வரையறை அதைவிடக் கடுமையான கேள்வி. பிறப்பிலேயே உள்ள உரிமை என்று நூறாண்டுக்கு மேலாக அரசே சொல்லிவந்ததை, முன்னறிவிப்பின்றி ஓர் இரவில், பிறந்துவிட்டவர்களுக்கும் சேர்த்து இல்லாததாக்க முடியுமா? இனிப் பிறப்பவர்களுக்கு வரம்பு வைத்திருந்தாலோ, ஓராண்டு அவகாசம் தந்திருந்தாலோ இச்சட்டத்தின் நோக்கம் கெட்டிருக்காது. அது யாருடைய நம்பிக்கையையும் உடைத்திருக்காது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2025ஆம் ஆண்டின் 142ஆம் எண் தீர்ப்பில், பொலோன்யா, ரோம், மிலான், ஃப்ளோரன்ஸ் நீதிமன்றங்கள் பழைய சட்டத்தின் எல்லையற்ற தன்மைக்கு எதிராக எழுப்பிய கேள்விகளைத் தள்ளியது. குடியுரிமையின் அளவுகோல்களை வகுப்பதில் சட்டமன்றத்துக்கு விரிந்த உரிமை உண்டு என்றது. புதிய சட்டத்தை அது அங்கே தொடவில்லை. பின்தேதியிட்டு உரிமையைப் பறிக்கலாமா என்ற கேள்வியைத் தூரின் நகர நீதிமன்றம்தான் 2025 ஜூனில் அதன் முன் வைத்தது.

கதவை மூடியபோது சில சாளரங்களைச் சட்டம் திறந்து வைத்தது. இத்தாலியில் பிறந்து 1912ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் 2025 ஜூலை முதல் 2027 டிசம்பர் வரை அறிவிப்புச் செய்து அதைத் திரும்பப் பெறலாம். தந்தை, தாய், பாட்டன், பாட்டி ஆகியோரில் ஒருவர் பிறப்பால் இத்தாலியராக இருந்தால், வெளிநாட்டில் பிறந்த வழித்தோன்றல் இத்தாலியில் இரண்டு ஆண்டுகள் சட்டப்படி வசித்து விண்ணப்பிக்கலாம். நான்காம் தலைமுறைக்கு இது பயன்படாது. மூன்றாம் தலைமுறைக்கு, அங்கே போய் வாழ மனமிருந்தால், இது நேர்மையான வழி.

இந்த இரண்டு ஆண்டுக் கணக்கை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த பிறருக்கான பத்து ஆண்டுக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பத்தை ஐந்தாகக் குறைக்கக் கோரி 2025 ஜூன் 8, 9 தேதிகளில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தோரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தார்கள். ஆனால் வாக்காளர்களில் 30 விழுக்காட்டினரே வந்ததால், பாதிக்கு மேல் வாக்களித்திருக்க வேண்டும் என்ற விதிப்படி அது செல்லாமல் போனது.

சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். நகரத்தின் காவல் புனிதையான ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குப் பெல்லெக்ரினோ மலையேறிச் செல்லும் அவர்களில் சைவர்களும் உண்டு. அங்கே பிறந்து, சிசிலியப் பேச்சில் விளையாடி, இத்தாலியப் பள்ளியில் அந்நாட்டுக் கவிஞர் தாந்தேயைப் படிக்கும் ஒரு தமிழ்க் குழந்தை, பெற்றோர் அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்தாலன்றி, 18 வயது வரை இத்தாலிய மண்ணில் இடைவெளியின்றிச் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். அதன் பிறகு, 19 வயது நிறைவதற்குள், கொமூனே அலுவலகத்துக்குப் போய்த் தனக்கு இத்தாலியக் குடியுரிமை வேண்டும் என்று அறிவிக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவில் உள்ள அந்த விதியை, 2025ஆம் ஆண்டின் திருத்தம் மாற்றவில்லை.